துடக்கு வீட்டுப் பாண்

1. போறணை

கொக்குவிலில் ரோசா அக்காவின் பேக்கரியில் கவுண்டரில் நிற்கப் போன முதல் நாளே கை கொப்புளித்துவிட்டது. பாண் சுடும் போறணையிலிருந்து இறக்கிய, சூடு ஆறாத தட்டைத் தூக்கிவிட்டேன். அக்கா என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி, "போறணைக்குக் கிட்டப் போக முதல் என்னைக் கேள். எங்கடை ஊரிலை இதுக்கு ஃபோர்னோ எண்டு சொல்லுறது. சுட்டா எல்லா ஊரிலையும் ஒண்டுதான்" என்றார். இத்தாலிக்காரி ஒருவர் எங்கள் தமிழ் கதைத்ததை அன்றுதான் கேட்டேன்.

அவருடைய கணவர் தயாபரன் அண்ணை இத்தாலிக்கு வேலைக்குப் போனவர். அங்கே கலியாணம் முடித்து, இருவருமாக ஊருக்கு வந்து, தமையனின் காணியில் கடை போட்டார்கள். அண்ணை மா குழைப்பார். அக்கா வெட்டி, உருட்டி, போறணையில் வைப்பார். விடியக்காலை முதல் தட்டு இறங்கும்போது வாசலில் சனம் நிற்கும்.

2. படலை

ஒருநாள் மா மூட்டை தூக்கும்போது அண்ணை விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செத்தவீட்டில் பிரேதத்துக்குப் பின்னால் நடந்த அக்காவைப் பெண்கள் வாசல் படலையில் மறித்தார்கள்.

"பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை" என்றார் அண்ணையின் தங்கை.

"நான் அவரின்ரை பொஞ்சாதி."

"அதுக்குத்தான் சொல்லுறம்."

பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கில் அடங்கும் வரை அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

3. திறந்த கடை

அடுத்த கிழமையே கடையைத் திறந்தார். தானே மா குழைத்தார். பாண் நன்றாகத்தான் வந்தது. வாங்க ஒருவரும் வரவில்லை.

தினமும் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும். செத்த துடக்கு கழியாத வீட்டுப் பாணை எப்பிடி வாங்கிறது?"

உள்ளே போய்ச் சொன்னேன். அக்கா கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"நான் சும்மா இருந்தா விசர் பிடிக்கும், வசந்தி. கைக்கு ஏதும் வேணும்."

நானும் புருசனைப் பறிகொடுத்தவள். எனக்கு அது விளங்கியது. வாசலில் வாங்கைப் போட்டு அதில் இருந்துகொண்டு, போகிறவர்கள் பார்க்கட்டும் என்று அந்தப் பாணைத் தேத்தண்ணியோடு தின்றேன். ஒருவரும் திரும்பவில்லை. மிஞ்சியதெல்லாம் மாட்டுக்குப் போயிற்று.

பிறகு அண்ணையின் தமையன் வந்தார். "கடையைப் பூட்டுங்கோ. சனம் எங்களைப் பற்றித்தான் கதைக்குது."

"பூட்டிட்டு நான் எங்கை போறது, அண்ணை?"

"உங்கடை ஊருக்கு."

"அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?"

 மறுநாள் கதவில் புது ஆமைப்பூட்டுத் தொங்கியது. அக்காவின் விசாவும் அண்ணையை வைத்துக் கிடைத்ததுதான். அதை நீட்டிக்கக் கொழும்புக்குப் போனபோது குடும்பத்தில் ஒருவரும் கூட வரவில்லை. நான் போனேன். என் சொல் அங்கே எடுபடவில்லை; விசா கிடைக்கவில்லை.

4. ரயில்

இத்தாலிக்குத் திரும்பும் அக்காவை வழியனுப்பக் கொக்குவில் ஸ்டேசனில் ரயிலுக்கு நின்றபோது அவர் கேட்டார்: "அவரின்ரை சாம்பலை எங்கை கரைச்சவை?"

அதைக்கூட ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"கீரிமலைக் கடலிலை, அக்கா."

அவர் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்புச் சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். ஓம் என்றேன். ரயில் வந்தது.

இப்போது நான் நீர்வேலியில் ஒரு பேக்கரியை நடத்துகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: செத்தவீடு கழிந்த கையோடு ஒருத்தி வேலைக்கு வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். மாவை அவள் பக்கம் தள்ளிவிடுங்கள்.