அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்

செல்லூரில் வாடகைக்கு இருந்தபோது, வீட்டுக்காரரின் சுவரில் எண்ணெய் தெறிக்கக் கூடாதே என்று அடுப்புக்குப் பின்னால் மார்பிள் போலப் பளபளக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டினேன். நான்தான் ஒட்டினேன். ஒரு தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது அது தீப்பற்றி, உருகி, என் மனைவியின் இடது கையில் ஒட்டிக்கொண்டது. காயம் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு அவள் நெருப்பின் பக்கமே போகவில்லை. கரண்ட் அடுப்பில்தான் சமையல். கரண்ட் போனால் ஹோட்டல் இட்லி.

ஆனையூரில் சொந்த வீடு கட்டும்போது எனக்குத் தூக்கம் போனது. அவள் மறுபடியும் பயமில்லாமல் அடுப்பு முன் நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கடைக்காரர் ஒருவர் பி.வி.சி. பலகையைக் காட்டி, "தீயே பிடிக்காதுண்ணே" என்றார். பையிலிருந்த லைட்டரை எடுத்து அதன் ஓரத்தில் பிடித்தேன். கருகி வளைந்து நாறியது. "கடையக் கொளுத்த வந்தீங்களா?" என்று வெளியே அனுப்பிவிட்டார். எனக்கு அதில் வெட்கமே இல்லை. வாடிப்பட்டி ரோட்டுக் கடைகளிலும் லைட்டரோடுதான் அலைந்தேன். கடைசியில் சீலிங் வரை டைல்ஸ், பசை இல்லாமல் சிமெண்டில் பதித்தது. மேலே பிளைவுட் அலமாரி கிடையாது, கடப்பா கல்தான். "வீட்டுக்குள்ள சூளையா போடப் போறீங்க?" என்று கொத்தனார் கேட்டேவிட்டார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. அடுக்களை மேடையில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். பற்றவைக்க வேண்டிய என் மனைவி அடுக்களை வாசல் நிலையோடு நின்றுகொண்டாள். என் அக்கா பற்றவைத்தாள். நான் ஒரு வாளித் தண்ணீரோடு காவல். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, செங்கலுக்கு அடியில் மணல் பரப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. பால் நுரை கட்டும் நேரத்தில் மேடை கிரானைட் பட்டென்று வெடித்தது. ஒரு செங்கல் நகர்ந்து பானை சாய்ந்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள். நான் வாளியைத் தூக்கிவிட்டேன்.

"ஊத்தாதீங்க. பால் காய்ச்சுற தீய யாராச்சும் அணைப்பாகளா?"

என் மனைவி. எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. இடது கையால் பிடிதுணி வைத்துப் பானையைத் தாங்கிக்கொண்டு, வலது கையிலிருந்த விறகால் செங்கலை நெட்டி நேராக்கினாள்.

"இம்புட்டு நாளா சுவத்தையே பாத்தீங்க, கீழ பாக்கலையே" என்றாள்.

பால் பொங்கி வழியும்வரை அங்கேயே நின்று விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, வாளியைக் கீழே வைக்கச் சொன்னாள். வைத்தேன். வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.