தெரு முழுக்க ஒரே மெயில் ஐடி

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த ஃபிட்டராக வேலை பார்க்கும் ஆசீர்வாதத்துக்கு, யாருக்காவது ஒத்தாசை செய்யாவிட்டால் சோறு இறங்காது. தெருவில் யார் ஸ்மார்ட் டிவி வாங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டிவி மெயில் ஐடி கேட்கும். வாங்கியவருக்கு ஐடி இருக்காது, இருந்தால் பாஸ்வேர்டு மறந்திருக்கும். "அதுக்கு இன்னாம்மா, என்னுதப் போட்டுக்கோ" என்று தன்னுடையதையே தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். இப்படியே தெரு முழுக்க அவர் பெயரில் டிவி ஓடியது.

அதன்பிறகு அவருடைய போனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒருநாள் பாம்பு பிடிப்பது எப்படி என்று காட்டும். மறுநாள் ஜாக்கெட் கழுத்து டிசைன். மனிதர் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டுப் போவார்.

அவருக்கு வேறு கவலை இருந்தது. கல்யாணத்தன்று எல்லோரும் "மாப்பிள்ளை ஆடணும்" என்று இழுத்தபோது, கூச்சத்தில் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தவர் அவர். புதுப்பெண் செண்பகம் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றாள். இன்றைக்கும் அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அவருக்குச் சுருக்கென்றிருக்கும். இப்போது கல்யாண வெள்ளிவிழா வருகிறது. சர்ச் ஹாலில், எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து ஆடிவிட வேண்டும். அதுவரை அவளுக்கு ஒரு துளி தெரியக்கூடாது.

வேலை முடிந்ததும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஜோடி நடனப் பாடத்தை ஆரம்பித்தார். இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

ஒரு மாலை பக்கத்து வீட்டுப் பென்னி வழிமறித்தான். "இன்னாண்ணே, சுத்தி வர்ற ஸ்டெப்பு ரொம்பக் கஷ்டமா கீதா?"

ஆசீர்வாதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்டிடா தெரியும்?"

"எல்லா டிவிலயும் உன் ஐடிதான கீது. நீ போன்ல பாக்குறத அது நோட் பண்ணிக்கினு, எங்க ஊட்டு டிவில கொணாந்து நிறுத்துது. நாங்க பாக்குறது உனக்கு வருது. பாம்பு முனுசாமி அண்ணன். ஜாக்கெட்டு மேரிக்கா."

"அப்போ எங்க ஊட்டு டிவி?"

"அண்ணி கேபிள் சீரியலத் தாண்டி எதுனா தொட்டிருக்குதா? பேஜாராவாத. தெருவுல யாரும் வாயத் தொறக்க மாட்டோம்."

வீட்டில் செண்பகம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா, டிவியையே மொறைக்கிற?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை என்று பெருமூச்சு விட்டார். அப்புறம் போனில், தன் ஐடியில் ஓடிய வீடியோக்களின் வரிசையைத் தள்ளிப் பார்த்தபோது, 'ஜோடி நடனம்: பெண்களுக்கான பாடம்' என்று ஒன்று திரும்பத் திரும்ப ஓடியிருந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை. மேரிக்கும் ஆசை போல என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர், கொஞ்சம் மக்கு.

வெள்ளிவிழா வந்தது. கேக் வெட்டியாயிற்று, பாட்டும் ஆரம்பித்தது. ஆசீர்வாதம் செண்பகத்துக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். அவ்வளவுதான், கூச்சம் வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் கண் பிரியாணி அண்டாவைத் தேடியது.

பென்னி விசிலடித்தான். முனுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பாடத்து ஸ்டெப்பைப் போட்டார். மேரியும் சேர்ந்துகொண்டாள். தினமும் டிவியில் வந்து நின்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? தெருவே ஒரே மாதிரி ஆடியது, ஒரே மாதிரி தப்பும் செய்தது.

செண்பகம் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, அவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய அந்தச் சுற்றை, புடவைத் தலைப்பு பறக்க ஒரே வீச்சில் சுற்றி வந்து நின்றாள். ஆசீர்வாதம் வாயைப் பிளந்தார்.

"நீ எப்போ..."

"நம்ம ஊட்டு டிவில நீ பாத்ததுக்குக் கீழயே பொம்பளைங்க பாடமும் வந்துச்சு. நீ வேலைக்குப் போனதும் தெனம் ஆடிக்கினுதான் இருந்தேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் எந்தக் காலை எடுத்து வைப்பது என்றே மறந்துபோனது.

"வலது காலுய்யா" என்றாள் செண்பகம். "இந்த வாட்டி அண்டா பக்கம் ஓடுனே, ரெண்டையும் ஒடிச்சிடுவேன்."