சாவித்திரி வாங்கிய ஒரே ஒரு பங்கு

மேனாம்பேட்டில் மாவுக்கடை சாவித்திரியிடம் வாயைக் கொடுத்துவிட்டு ஜெயித்துத் திரும்பியவர்கள் யாரும் கிடையாது. ஒரு கோடையில் தண்ணி லாரிக்காரன் சந்து குறுகல், வண்டி நுழையாது என்று தெருமுனையிலிருந்தே திரும்பப் பார்த்தான். சாவித்திரி முக்காலியைக் கொண்டுவந்து லாரிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். படி உளுந்து முடிவதற்குள் லாரி எப்படியோ நுழைந்துவிட்டது. அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் கம்பெனிப் பங்கு வாங்கப்போகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

சாவித்திரிக்கு வயது நாற்பத்தொன்று. பிறந்தது வியாசர்பாடி. தொழில் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, சுண்டுவிரல் நுனியை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டோடு கிரைண்டர் போட்டு உட்கார்ந்தவள். புருஷன் தங்கவேல் லோடு வண்டி ஓட்டுகிறான். வீட்டில் பேசுகிற வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட நல்ல மனிதன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, கோயில் குளம் ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்து பெற்ற ஒரே பெண் கார்த்திகா. அவளுக்கு எட்டு வயது.

தெருவின் பின்பக்கம் முழுக்க ஒரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தளிர்மெட் லிமிடெட். ஊரில் உள்ள பழைய பேட்டரியை எல்லாம் வாங்கி, உடைத்து, உருக்கி, ஈயம் எடுக்கிற கம்பெனி. வாசலில் ஆள் உயரத்துக்குப் பச்சை இலை வரைந்து, பூமியைக் காப்போம் என்று எழுதியிருக்கும். பூமியைக் காத்த மிச்சம் ராத்திரியில் புகையாக வரும். காலையில் மாடிக் கொடியில் காயும் துணியைத் தொட்டால் விரல் கறுக்கும். மனு கொடுத்தால் அதிகாரிகள் வருவார்கள், பட்டப்பகலில் வருவார்கள். அந்த நேரத்தில் சிம்னி பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கும். புகை காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு, அரை கிலோ மாவும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

கார்த்திகாவுக்கு ஆறு மாதமாக வயிற்றுவலி. ஓமத்தண்ணி கொடுத்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், ஆவடி தர்காவில் மந்திரித்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு, நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று மறந்துபோகிறது என்றாள். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிஷா என்கிற இளம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈயம் பத்தொன்பது என்றாள்.

"நாங்க ஈயச் சொம்புல ரசம்கூட வெக்கிறதில்லயே டாக்டரம்மா" என்றாள் சாவித்திரி.

"அது வெள்ளீயம்மா, அதால ஒண்ணுமில்ல. இது காரீயம். உடம்புல இது இருக்கவே கூடாது. அஞ்சு இருந்தாலே எங்கேருந்து வருதுன்னு தேடணும். உங்க வீட்டுப் பக்கத்துல பேட்டரி வேலை ஏதாவது நடக்குதா?"

சாவித்திரி மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனியைப் பற்றிச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டரே நர்ஸோடு தெருவுக்கு வந்து, மதிலை ஒட்டிய வீடுகளில் பதினோரு பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தாள். பதினோரு பிள்ளைகளுக்கும் ஐந்தைத் தாண்டியிருந்தது. கமலத்தின் மகன் நிர்மலுக்கு இருபத்துமூன்று. ரேஷ்மாவின் மகன் முகமது ஆசிக்குக்கு இருபத்தேழு. அவன் நடக்கப் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குத் தெருவில் எந்த வீட்டிலும் ஒழுங்காகச் சமைக்கவில்லை.

காகிதங்களோடு கம்பெனி வாசலுக்குப் போனார்கள். செக்யூரிட்டி, பெரியவர் இல்லை என்றான். மறுநாளும் இல்லை. ஒரு மாதம் வரைக்கும் அந்தப் பெரியவர் எங்கேயும் இல்லை. கேட்டது இரண்டே விஷயம். சிம்னிக்கு ஒழுங்கான வடிகட்டி போட வேண்டும், பிள்ளைகளின் வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் காதில் வாங்கக்கூட ஆள் இல்லை என்றால் வயிறு எரியாதா?

இந்தச் சமயத்தில்தான் வெங்கட் மாட்டினான். எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் திண்டுக்கல் பையன், ஐ.டி. வேலை, வாரத்தில் நான்கு நாள் தோசை. மாவு வாங்க வந்தவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, தான் பணம் போட்டிருக்கிற பசுமை ஃபண்ட் ஏறியிருக்கிறது என்றான். "சாதா ஃபண்ட் இல்லக்கா. சுற்றுச்சூழலுக்கு நல்லது பண்ற கம்பெனியில மட்டும்தான் போடுவாங்க. லாபமும் வரும், பூமிக்கும் நல்லது."

"எந்தக் கம்பெனின்னு சொல்லேன், நானும் புண்ணியம் கட்டிக்கிறேன்."

வெங்கட் பட்டியலைத் திறந்து வரிசையாகப் படித்தான். காற்றாலை, சோலார், அப்புறம் ஆறாவதாக தளிர்மெட் லிமிடெட். மறுசுழற்சித் துறை. படித்து முடித்தபிறகுதான் அவனுக்கு மதிலின் ஞாபகம் வந்தது. சாவித்திரி மாவுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

"அப்ப எம் பொண்ணு வயித்துவலியில உனுக்கும் பங்கு கீது."

பையனுக்கு முகம் செத்துவிட்டது. மாவை வாங்காமலே போனான். ஆனாலும் நல்ல பையன்தான். மறுநாள் வந்து, கம்பெனிக்கு வெளியே நின்று கத்தினால் செக்யூரிட்டிதான் கேட்பான், ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருடாந்திரக் கூட்டத்தில் தலைவரிடமே கேட்கலாம் என்று சொன்னான். ஆளுக்கு மூன்று நிமிஷம் தருவார்களாம். கூட்டம் இப்போதெல்லாம் ஆன்லைனில்தான், வீட்டிலிருந்தே பேசலாமாம்.

"பதினோரு பேரும் ஆளுக்கு ஒண்ணு வாங்கினா?"

"முப்பத்துமூணு நிமிஷம்க்கா."

தெரு சிரித்தது என்று சொன்னேனே, அந்தச் சிரிப்பு ஒரு சாயங்காலம்தான் நீடித்தது. பதினோரு அம்மாக்களும் பான் கார்டு எடுத்தார்கள், கணக்குத் திறந்தார்கள். ஆள் அடையாளத்துக்காக வெங்கட் போனை நீட்டி, கண்ணைச் சிமிட்டுங்கள், தலையைத் திருப்புங்கள் என்று ஒவ்வொருத்தியையும் படம் பிடித்தான். கமலம் சிமிட்டச் சொன்னால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். நாலாவது தடவைதான் தேறினாள்.

கணக்கு முதலில் வந்தது சாவித்திரிக்கு. வந்த அன்றைக்கு ஆடிப்பெருக்கு. நல்ல நாளாயிற்றே என்று தன் பங்கை அன்றே வாங்கிவிட்டாள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. இங்கேதான் கோட்டைவிட்டார்கள். ஆடி முடிய இன்னும் சில நாள் இருந்தது. ஆடி மாசத்தில் ஒரு துடைப்பம்கூடப் புதுசாக வாங்காத பெண்கள், பிள்ளை உயிர் சம்பந்தப்பட்டதைப் போய் ஆடியில் வாங்குவார்களா? ஆவணி ஒன்றாம் தேதி நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றிவிட்டு, வெங்கட்டை உட்காரவைத்துப் பத்துப் பங்கு வாங்கினார்கள். ரேஷ்மா, எனக்கு ஏதுடி ஆடி ஆவணி என்று சொல்லிக்கொண்டே, எல்லாரும் சேர்ந்துதான் வாங்கவேண்டும் என்று அவளும் காத்திருந்தாள்.

கூட்டத்துக்குப் பேர் கொடுக்கிறபோது விஷயம் தெரிந்தது. ஒரு கெடு தேதி உண்டு, அன்றைக்குக் கையில் பங்கு இருந்தால்தான் பேசலாம். அந்தத் தேதி ஆடி முடிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டது. வெங்கட் தலையில் கையை வைத்துக்கொண்டான். பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கமலம் அழுதேவிட்டாள்.

"அழுதா தேதி திரும்பி வருமா? எனுக்கு மூணு நிமிசம் கீதில்ல. அத்த வெச்சிப் பாத்துக்கலாம், உடு" என்றாள் சாவித்திரி.

என்ன பேசப்போகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. உண்மையை எழுதினால் கூப்பிடமாட்டார்கள். அதில் அவள், தலைவர் ஐயாவைப் பாராட்டிப் பேச, என்று எழுதச் சொன்னாள். பொய்தான். இப்படிப்பட்ட இடத்தில் பொய் சொன்னால் பாவமில்லை என்பது அவள் கட்சி, என் கட்சியும் அதுதான்.

கூட்டத்தன்று மாவுக்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிரைண்டர் மேல் வெங்கட்டின் லேப்டாப்பை வைத்தார்கள். பதினோரு பெண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். முதலில் பேசியவர் திருநின்றவூர்க்காரர், பேர் ஜெயராமன், இருபது வருஷமாக எல்லாக் கம்பெனிக் கூட்டத்திலும் பேசுகிறவராம். தலைவரின் தலைமையில் கம்பெனி ஆலமரமாக வளர்கிறது என்றார். ஆண்டறிக்கையின் அட்டை பிரமாதம் என்றார். முன்பெல்லாம் மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது தருகிற ஸ்வீட் பாக்கெட்டை இப்போது வீட்டுக்கு அனுப்பிவைத்தால் என்ன என்று கேட்டுவிட்டு முடித்தார். அடுத்தவரும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். பாராட்டுவது அந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் போலிருக்கிறது. தலைவர் புன்சிரிப்போடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்து, மேனாம்பேட்டிலிருந்து திருமதி சாவித்திரி."

சாவித்திரி நான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். தலைவரின் சிரித்த முகத்தைப் பார்த்ததும் அதில் ஒரு வரியும் பிடிக்கவில்லை. காகிதத்தைக் கீழே போட்டாள்.

"ஐயா, வணக்கம். உங்க கம்பெனி பின்னால கீற மதில்ல சாஞ்சிகினுதான் எங்க ஊடு கீது. உங்க அறிக்கையில எல்லாக் கணக்கும் போட்டிருக்கீங்க, ஒரு கணக்கு உட்டுப்போச்சி. நான் சொல்றேன், எழுதிக்கோங்க. கார்த்திகா, எட்டு வயசு, ரத்தத்துல ஈயம் பத்தொம்போது. நிர்மல், ஆறு வயசு, இருவத்திமூணு. முகமது ஆசிக், ரெண்டு வயசு, இருவத்தியேழு. ஜோதிகா, அஞ்சு வயசு, பதினாலு..."

தலைவரின் சிரிப்பு அப்படியே நின்றது. யாரோ ஒருவர் குறுக்கே புகுந்து, மேடம், கேள்வி மட்டும் கேளுங்கள் என்றார். அவள் நிறுத்தவில்லை. ஏழாவது பேரைச் சொல்லி முடித்தபோது அவள் பக்கத்து மைக்கை அணைத்துவிட்டார்கள். மூன்று நிமிஷத்தில் பாதிகூட ஆகவில்லை.

"அக்கா, ம்யூட் பண்ணிட்டாங்க, அவங்களுக்குக் கேக்காது" என்றான் வெங்கட்.

"கேக்காட்டி போவட்டும். முடிக்காம உடமாட்டேன்."

மீதி நான்கு பேரையும் அணைந்துபோன மைக்கில், தலைவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். பின்னால் நின்ற அம்மாக்கள் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைத் தூக்கிப் பிடித்தார்கள். பிறகு படமும் போய்விட்டது. மின்னஞ்சலில் பதில் அனுப்புவதாகத் தலைவர் சொன்னது மட்டும் கேட்டது. அந்தப் பதில் இன்றுவரை வந்த பாடில்லை.

ஆனால் கூட்டத்தில் பேசியதை எழுத்தில் போட்டு கம்பெனியே வெளியிட்டாக வேண்டுமாம். அதில் ஏழு பேர்களும் எண்களும் அச்சாகிவிட்டன. வெங்கட் அதையும் டாக்டரின் காகிதங்களையும் சேர்த்து அந்தப் பசுமை ஃபண்டுக்கு அனுப்பி, என் பணத்தை இதிலா போட்டீர்கள் என்று கேட்டிருந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு கார் வந்து தெருமுனையில் நின்றது. இறங்கி நடந்துவந்தவன் ஃபண்ட் அலுவலகத்து பிரசன்னா. முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, மரியாதையான பையன். மாவுக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சாவித்திரி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நல்ல சேதி கொண்டுவந்தவனின் முகத்தோடு சொன்னான்.

"மேடம், உங்க பேச்சு எங்களை ரொம்பவே பாதிச்சிடுச்சு. எங்க கொள்கைப்படி இந்த மாதிரி கம்பெனியில நாங்க இருக்க முடியாது. தளிர்மெட்ல எங்ககிட்ட இருக்கிற பங்கு மொத்தத்தையும் வித்துட்டு வெளிய வரதா முடிவு பண்ணிருக்கோம். நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

அவன் நன்றியை எதிர்பார்த்தான். பாவம், அவனுக்கு ஆளைத் தெரியாது.

"எத்தினி பங்கு வெச்சிகினு கீறீங்க?"

"கம்பெனியில நூத்துக்கு ஆறு."

"வித்தா யார் வாங்குவாங்க?"

"அது... மார்க்கெட்ல யார் வேணும்னாலும்."

"அவன் இங்க வந்து மோர் குடிப்பானா?"

பிரசன்னா டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் ஒத்தப் பங்கு வெச்சிகினு பேசனேன், மைக்க அணச்சிட்டான். உன் மைக்க அணைக்க முடியுமா அவனால? நீ உக்காந்து கேட்டா அவன் பதில் சொல்லித்தான் ஆவணும். அத்த உட்டுட்டு கை கழுவிகினு போறேன்னு சொல்ல கார் போட்டுகினு வந்துகீறே. உன் லிஸ்ட்டு சுத்தமாயிடும் தம்பி, எங்க காத்து சுத்தமாவுமா? உனுக்குப் புடிக்கலன்னா நீ வித்துடுவே. எம் பொண்ணு ரத்தத்துல கீறத நான் எந்த மார்க்கெட்ல விக்கிறது, சொல்லு?"

சொல்லி முடித்ததும் சாவித்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. முந்தானையால் வேகமாகத் துடைத்துக்கொண்டாள்.

பிரசன்னா எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் போட்டான். திரும்பி வந்து, "எங்க மேடம் லைன்ல இருக்காங்க. எடுத்த முடிவை மாத்தறது கஷ்டம்ங்கறாங்க. நீங்களே பேசுங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினான்.

சாவித்திரி போனை வாங்கவில்லை. ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டி, தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"கமலம்! ரேஷ்மா! எல்லாரும் பசங்கள இட்டுகினு வாங்கடி. பங்க வித்துட்டுப் போறேன்னு இந்தம்மா இதுங்க எதிருல சொல்லட்டும்!"