ஹோர்ன் அடிக்காத லொறி

என் தம்பி ஜெயன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் நான் தவித்த நாளைப் பற்றி, கூட ஜெபிக்கும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. ஜெயன் கனடாவில் லொறி ஓட்டுகிறான். அன்று அவன் ஏற்றிப்போனது காட்டெருமைகளை. வேட்டையில் அழிந்து, நூறு வருடத்துக்கு மேலாகக் காட்டெருமையே இல்லாத தங்கள் நிலத்துக்குப் பூர்வகுடி மக்கள் அவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். "என்ன தின்னும்? எப்பிடி ஏத்தினனீங்கள்?" என்று முதல்நாள் துருவித் துருவிக் கேட்டிருந்தேன். இப்போது அங்கே பனிப்புயல். அவனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், மோர்டனில் என் வீட்டுக் குசினி அடுப்பருகே நின்று திரும்பத் திரும்ப அழைத்தேன். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

ஜெபக்கூட்டத்துச் சகோதரிகள் ஓடிவந்தார்கள். முழங்காலில் நின்றோம். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஆண்டவரே, ஆராவது அவனைத் தேடிப் போகவேணும்" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பனியில் யார் போவார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

இரவு போன் வந்தது.

"அக்கா, நான் சுகமா இருக்கிறன்."

லொறி பள்ளத்தில் சரிந்து பனியில் புதைந்திருக்கிறது; சரிந்ததில் போன் கைக்கு எட்டாமல் விழுந்துவிட, தேடி வந்தவர்கள்தான் அவனை மீட்டிருக்கிறார்கள். அழுது முடித்ததும் துருவிக் கேட்கும் என் பழைய குணம் தலைகாட்டியது.

"ஏன்டா ஹோர்ன் அடிக்கேல்லை?"

"அடிக்க வேண்டாமெண்டு ஏத்தேக்கையே சொன்னவை. மிரண்டால் அதுகள் ஒண்டையொண்டு மிதிச்சுப்போடும்."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிச்சவை?"

"அதுகள் தங்கட பாட்டில உறுமிக்கொண்டு நிண்டதுகள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்தவை."

வந்தது அந்த நிலத்து மக்கள். காலையிலிருந்து, காட்டெருமைகளுக்காக அடைத்த வேலியின் வாசலில் ஜெபித்துக் காத்திருந்தார்களாம். லொறி வராததால் தேடிப் புறப்பட்டிருக்கிறார்கள். அந்தப் புயலில் ஏன் வந்தார்கள் என்று அதையும் கேட்டேன். காட்டெருமைகள் அவர்களுக்கு உறவாம். உறவுகள் வந்து சேரவில்லையென்றால் வீட்டில் இருக்க முடியுமா என்றார்களாம்.

நான் என் தம்பிக்காக அழுதேன். அவர்கள் தங்கள் உறவுகளுக்காக ஜெபித்தார்கள். ஆண்டவர் எல்லாரையும் ஒரே லொறியில் வைத்திருந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்.

முன்பு என் வீட்டாருக்காக மட்டும் கேட்பேன். இப்போது அந்த மந்தைக்காகவும் கேட்கிறேன். சித்திரையில் முதல் கன்று பிறந்தபோது கூட்டத்தில் ஸ்தோத்திரம் சொன்னேன். சிரித்துக்கொண்டே எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

உங்களுக்கும் யாராவது இன்னும் வந்து சேராமல் இருக்கிறார்களா? கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.