மெயின் சுவிட்சில் தொங்கிய அட்டை

போன வாரம் அயர்ன் பாக்ஸ் செருகிய இடத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. நான் எழுவதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா, "ஏட்டி, கை வைக்காத" என்றாள். எனக்கு வயது இருபத்தாறு, பி.இ. வேறு. கம்ப்யூட்டர்தான் என்றாலும் பி.இ. பி.இ.தானே? நெய்வேலிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை, அந்தத் தடையும்தான்.

அந்த வாடைக்கு எனக்கு வளர்மதி ஞாபகம் வரும். ஞாபகம் என்ன ஞாபகம், பொறாமை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ், ஆறாம் வகுப்பில் என் பெஞ்ச். அவள் அப்பா மைன்ஸில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் டெஸ்டரை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்னாலேயே கைகட்டி நிற்பார். நானோ தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை.

மைன்ஸ் பழக்கம் அவருக்கு வீட்டிலும் உண்டு. முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் பெட்டியிலிருக்கும் பீங்கான் பியூஸைப் பிடுங்கி, வேலை செய்பவர் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெயினில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை தொங்கவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வளர்மதியே சிவப்பு மையால் எழுதிய அட்டை அது. அந்த 'ஆள்' அவள்தான் என்பதே எனக்கு எரிந்தது.

ஒரு ஞாயிறு அவள் உள்ளே சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நான் மட்டும். 'மெயினை அணைக்காமலா வேலை செய்யற' என்று அவள் அப்பாவிடம் ஒரே ஒரு முறை திட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்; அதற்கு மேல் நினைக்கத் தெரியவில்லை. அட்டையைக் கழற்றி மெயினைத் தூக்கிவிட்டேன்.

விளக்கு எரியவில்லை. சுவிட்ச் சத்தம் கேட்டு அவளும் அவள் அப்பாவும் வெளியே வந்தார்கள். அட்டை என் கையில். வளர்மதி தன் பாவாடைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பியூஸ் அங்கே இருந்தது.

"யாராச்சும் ஒருத்தர் மெயின போட்ருவாங்கன்னு நெனச்சிகினுதான் வேல செய்யணும்னு அப்பா சொல்லிகினே இருக்கும்," என்றாள். "அது நீன்னு நெனைக்கலடி."

அவர் கத்தவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. மெயினை இறக்கிவிட்டு, "வர்ற ஞாயித்துக்கெழம நீயும் வாம்மா. செஞ்சி பாத்தாதான் தெரியும்" என்றார்.

நான் போகவில்லை. முதல் வாரம் ஜுரம் என்றேன், அடுத்த வாரம் பரீட்சை என்றேன். அதற்குள் அவர்கள் வேறு பிளாக் போய்விட்டார்கள்.

இப்போது அந்தப் பெட்டிகளையெல்லாம் கழற்றிவிட்டு எம்.சி.பி. மாட்டியாயிற்று. கரண்ட் கூடினால் அதுவே விழுந்துகொள்கிறது. எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டிலும் பீங்கான் பியூஸ் இல்லை. பாக்கெட்டில் அது எவ்வளவு கனக்கும் என்பது வளர்மதிக்குத் தெரியும். எனக்குத் தெரியாமலே போயிற்று.