நிழலில் நின்ற ஸ்கூட்டர்

ஒரு நல்ல பசுவுக்கு மலட்டுப் பட்டம் கொடுத்து, கேரளாவுக்குப் போகும் அடிமாட்டு லாரியில் ஏற வைத்தவன் நான். முப்பது வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்... எவ்வளவு சீக்கிரம் ஞானம் வந்திருக்கிறது பாருங்கள்!

அப்போது நான் கால்நடை டாக்டர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி — ஊர்ப் பெயர் வேண்டாம். மாடுகள் எட்டு மணிக்கே வந்து நிற்கும். நான் பதினொன்றுக்கு வருவேன். படித்தவன் அவசரப்படலாமா?

வளாகத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் என் ஸ்கூட்டர். சீட் சுடக்கூடாதே!

மம்சாபுரத்துப் பேச்சியம்மாள் தன் செவலைப் பசுவைச் சினை ஊசிக்கு நடத்தியே கூட்டி வருவார். பால்கோவா கடைக்குப் பால் ஊற்றுகிற குடும்பம். சித்திரையில் ஒருநாள் கேட்டார்:

“அய்யா, ஸ்கூட்டர செத்த தள்ளி நிப்பாட்டுனீகன்னா மாட்ட நெழல்ல கட்டிக்கிடுவேன். எம்புட்டு மூச்சு வாங்குது பாருங்க.”

“மாடு என்ன கரைஞ்சா போயிரும்?” என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

மூன்று முறை ஊசி. மூன்று முறையும் உச்சி வெயில். ஊசி போட்ட கையோடு அதே வெயிலில் திருப்பி அனுப்பினேன். சினை நிற்கவில்லை. ரிஜிஸ்டரில் ‘மலடு’ என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவும் செய்தேன்.

“அந்த வார்த்தைய மட்டும் எழுதாதீக அய்யா,” என்றார் பேச்சியம்மாள். அவருக்குப் பிள்ளை கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். அந்த வாரமே அவர் வீட்டுக்காரர் செவலையை விற்றுவிட்டார்.

போன வருடம் செல்போனில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தேன். ரிட்டயர் ஆனபிறகு படிக்க நேரம் கிடைக்கிறது. சர்வீஸில் இருந்தபோது எங்கே கிடைத்தது?

பசுவின் கரு முதல் இரண்டு மூன்று நாள் வெறும் சில செல்கள்தான். சூட்டைத் தாங்கும் தெம்பு அதற்கு இன்னும் வந்திருக்காது. தாயின் உடல் கொதித்தால் அப்படியே நின்றுபோகும். ஆனால், வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடம்பில் சுரக்கிற ஒரு பொருள் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கருக்களை அதில் வைத்துச் சூடுபடுத்திப் பார்த்தால், சாகவேண்டியவற்றில் பல சமாளித்துக்கொண்டு வளர்கின்றன!

கண்ணுக்குத் தெரியாத கருவே அடிபட்டு எழுந்திருக்கப் பார்க்கிறது. அதைச் சுமந்த மாட்டை வெயிலில் நிறுத்தியது யார்? ஐயா அவர்கள்தான்.

பேச்சியம்மாளைத் தேடிப் போனேன். இப்போதும் ஒரு மாடு வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப செவலை மலடில்லயா?”

“சத்தியம் பண்ண முடியாது பேச்சியம்மா. ஆனா கருப் பிடிச்சு, வெயில்ல செத்திருக்கும்னுதான் இப்பத் தோணுது.”

தன் மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். பிறகு, “அந்த ஹார்மோனு எங்க கிடைக்கும்?”

“அது ஆராய்ச்சியோட சரி. மாட்டுக்கு நெழலும் தண்ணியும்தான் மருந்து.”

“அதத்தான அய்யா அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன்?”

ஐந்து வருடம் படித்தவன் நான். மருந்தைச் சொன்னவர் அவர்.

“எழுதுனத அடிச்சிருவீகளா?” என்றார். அந்த ரிஜிஸ்டரை எப்போதோ கரையான் தின்றுவிட்டது. கரையான் தின்றாலும் ஊர் அதை மறக்கவில்லை. அதனால் பால் சொசைட்டி வாசலில், காலையில் கூட்டம் இருக்கும்போது, “செவலை மேல தப்பில்ல, என் மேலதான்” என்று சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் கேட்டார்கள். ஒருவர், “அப்ப எங்க வெள்ளச்சி மாட்டுக்கும் நீங்கதான சார் எழுதுனீக?” என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

வேப்பமரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடுகள் நிற்கக் கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்தேன். மனசு கொஞ்சம் லேசானது.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பந்தல் நன்றாகவே நிழல் தருகிறது... புது டாக்டரின் காருக்கு! மாடுகள் வெயிலில்.

உபதேசம் செய்யத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் வரிசையில் நின்ற பேச்சியம்மாள் தன் மாட்டைப் பந்தலுக்குள் இழுத்துப்போய், கயிற்றைக் காரின் கதவுப்பிடியிலேயே கட்டிவிட்டார்.

டாக்டர் ஓடி வந்தார். “என்னம்மா இது? நான் காரை எடுக்கணும்!”

“எடுங்க சார். மாடும் கூடவே வரும்.”

வரிசை சிரித்தது. டாக்டர் கயிற்றை அவரே அவிழ்த்து, பந்தல் காலில் கட்டிவிட்டு, காரை வெயிலுக்கு ஓட்டினார்.

அன்றைக்கு என் ஸ்கூட்டரிலும் கட்டியிருக்கலாம், பேச்சியம்மா.