பிரேக் பிடித்த நாளும் பிடிக்காத நாளும்

பஸ் டிரைவர் வேலையில் நல்ல நாள் என்பது, வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு ஒரு கதையும் இல்லாத நாள். எனக்கு அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம் வாய்த்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மிச்ச நாட்களைப் பற்றித்தான் இது.

அறுபதுகளின் நடுவில் ஒரு தனியார் பஸ்ஸில் சேர்ந்து, எழுபதுகள் முடிகிற மட்டும் ஓட்டினேன். பழவேற்காட்டில் புறப்பட்டு, பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி. நடுவில் சில மாதங்கள் ஆரணிப் பக்கம் திருப்பி விடுவார்கள். கண்டக்டர் ஏகாம்பரம். விசில் ஊதுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன். ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. பிடிக்காதவர்களும் அந்தக் காலத்து பஸ்ஸில் ஒற்றைக் காலை ஊன்றி, அடுத்தவர் கூடையைத் தலையில் இடித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். ஆகையால் நீங்களும் நம்ம ஆள்தான்.

இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு வந்தார்

வருடத்துக்கு ஒரு தடவை வண்டியைத் திருவள்ளூருக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியான வண்டிதான் என்று சான்று வாங்க வேண்டும். சோதிக்க வருகிறவருக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்திருந்ததோ, எங்களுக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். முதல் வருடம் எனக்கு அது பெரிய பரீட்சை. சோதனைக்கு முந்தின நாள் முழுக்க ஷெட்டில் மெக்கானிக்கோடு கிடந்தேன். சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் லைனிங்கை எல்லாம் மாற்றி, பிரேக் அடித்தால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நிற்கிறதா என்று ஷெட் வாசலிலேயே போய்ப் போய் வந்து பார்த்தோம்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். "உக்காருங்க சார்" என்றேன். "நின்னாதான் பிரேக் எப்படின்னு தெரியும்" என்றார். "கம்பியப் புடிச்சிக்குங்க சார்" என்று ஏகாம்பரம் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. காலியான ரோட்டில் வண்டி நல்ல வேகம் எடுத்ததும், "நிறுத்து!" என்று கத்தினார். அடித்தேன். வண்டி நின்றது. அவர் நிற்கவில்லை. நாலைந்து சீட்டைத் தாண்டி ஓடி வந்து, என் பக்கத்திலிருந்த எஞ்சின் மூடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி என் மடியில் விழுந்து கிடந்தது. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு, கண்ணாடியை வாங்கித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வண்டி பாஸ்யா. நான்தான் ஃபெயில்."

கோதண்டம் கேட்ட ஸ்டாப்பு

கோதண்டம் என்று ஒரு பெரியவர். கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் வருகிற ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு நிலம். ஏறும்போதே, "எங்க வயலாண்ட ஒரு நிமிட்டு நிறுத்து நைனா" என்பார். அங்கே ஸ்டாப்பு கிடையாது. நிறுத்தினால் முதலாளி என்னை இறக்கிவிடுவார். "கேட்டாண்டதான் பெரியவரே" என்பேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கேட்டில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பார்.

ஒருநாள் என் வழக்கமான வண்டி ஷெட்டில் நின்றதால் வேறொரு பழைய வண்டியைக் கொடுத்திருந்தார்கள். தூரத்தில் கேட் மூடியிருப்பது தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு மாட்டு வண்டிகள், நெல்மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெண்கள். பிரேக்கில் கால் வைத்தேன். தண்ணீருக்குள் கால் விட்டது மாதிரி அது அப்படியே தரை வரைக்கும் இறங்கிப் போயிற்று. எடுத்து எடுத்து மிதித்தேன். ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து, இன்னும் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்தேன். வேகம் தணிந்தது, ஆனால் மிச்சமிருந்த தூரத்துக்கு அது போதாது. ரயில் கூவுகிற சத்தம் வேறு. இடது பக்கம் அறுப்பு முடிந்த வயல், ரோட்டை ஒட்டிப் பள்ளமில்லாமல் கிடந்தது. "எல்லாரும் கம்பியக் கெட்டியாப் புடிங்க!" என்று அலறிவிட்டு ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தேன்.

வண்டி வரப்பில் ஏறி, குதித்து, அறுத்த தாளுக்கு நடுவே ஈர மண்ணில் புதைந்து நின்றது. யாரோ கொண்டுவந்த கோழிகள் கத்தின. எதிரே கூட்ஸ் வண்டி கடகடவென்று போய்க்கொண்டே இருந்தது; அவ்வளவு நீளமான ரயிலை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. ஒருவருக்கு முழங்கை சிராய்ப்பு, மற்றவர்களுக்கு அதுகூட இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். பிரேக் ஆயில் போகிற குழாய், சட்டத்தில் உரசி உரசி ஓட்டையாகியிருந்தது. அன்றிலிருந்து எந்த வண்டியைக் கொடுத்தாலும், காலையில் பிரேக்கை மிதித்துப் பிடித்துப் பார்த்து, கீழே எங்காவது ஈரம் கசிகிறதா என்று குனிந்து பார்க்காமல் எடுத்ததில்லை. நான் நிமிர்ந்தபோது, கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, முகமெல்லாம் மலர என்னிடம் வந்தார்.

"எத்தினி நாளா கேட்டேன், ரோட்டுலகூட நிறுத்த மாட்டன்னுட்ட, இன்னிக்கு என் வயலுக்குள்ளயே கொணாந்து உட்டியே, நீ நல்லா இருக்கணும் நைனா!"

வண்டிக்குத் தாகம்

பழவேற்காட்டிலிருந்து வருகிற வழியில், உப்பங்கழி ஓரத்தில் ஒரு சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மூடியைத் திறக்க ஓடினார் ஏகாம்பரம். கையைப் பிடித்து இழுத்தேன். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்து போகும். ஈரச் சாக்கைப் போட்டு ஆறவிட்டோம். சாக்கை நனைக்கக் கழியில் வேண்டிய மட்டும் தண்ணீர் இருந்தது. உள்ளே ஊற்றத்தான் இல்லை, அத்தனையும் உப்பு. ஊற்றினால் அரித்துத் தின்றுவிடும்.

பஸ் கூரையில் பெட்டி பெட்டியாகக் கோலி சோடா போய்க்கொண்டிருந்தது. சோடாக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தானே மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நாங்கள் கட்டைவிரலால் கோலியைத் தட்டித் தட்டி ஊற்றினோம். ரேடியேட்டர் ஏப்பம் விட்டது. பயணிகள் கைதட்டினார்கள். அவசரத்தில் ஏகாம்பரம் ரோஸ் நிறத்துப் புட்டி ஒன்றை எடுத்துவிட்டார். மேலேயிருந்து சோடாக்காரர் போட்ட சத்தம் இது:

"யோவ், பன்னீர் சோடாவ வை கீய! ருசி கண்டுக்கினா நாளைக்கும் அதையே கேக்கும்!"

ரோட்டில் காய்ந்த கொள்ளு

களத்துக்குப் போகச் சோம்பல்பட்டு, ரோட்டோரத்து விவசாயிகள் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ் லாரி எல்லாம் ஏறிப் போனால் செலவில்லாமல் போரடித்த மாதிரி. எங்களுக்குத்தான் பேஜாரு. செடி சக்கரத்தை வழுக்கும். அதைவிட மோசம், வண்டிக்கு அடியில் சுழலுகிற தண்டில் கொடியாகச் சுற்றிக்கொள்ளும். ஒருநாள் அப்படிச் சுற்றிக்கொண்டது, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொண்டது. காலுக்குக் கீழே பலகைச் சந்தில் புகை வந்தபோது ஏகாம்பரத்தின் பீடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். டீசல் டாங்கி அங்கேயிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். "மூட்டைய வுடு, ஆளு எறங்கு!" என்று ஏகாம்பரம் கத்தி, வாசலில் கூடையோடு அடைத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கூடையோடு தூக்கியே இறக்கினார். கொள்ளு காயப்போட்ட புருஷனும் பெண்சாதியும் வயலிலிருந்து ஓடி வந்தார்கள். திட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் வாய்க்கால் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வண்டிக்கு அடியில் அப்பினாள். புருஷன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார். புகை அடங்கி, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, கருகிப்போன செடியைக் கத்தியால் அறுத்து வெளியே இழுத்தோம். "பாத்தீங்களா, எத்தினி உசுரு" என்றேன். அந்தப் புருஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா இனிமே கொள்ளு போட மாட்டோம்ண்ணே. நாளையிலருந்து எள்ளுதான்."

முகூர்த்தம் அக்கரையில்

ஐப்பசி மழை. ஆரணி ஆற்றுத் தரைப்பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது பாலத்தைக் காணோம். செம்மண் தண்ணீர் மேலேயே போய்க்கொண்டிருந்தது. பாலத்து ஓரக்கற்களின் தலை தெரிகிற வரைக்கும் போவேன், தலை மறைந்தால் போக மாட்டேன். இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அன்று ஒரு கல்லின் தலையும் தெரியவில்லை. இறங்கி முழங்கால் அளவுக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் காலைப் பறித்தது. திரும்பி வந்து, "வண்டி போவாது" என்றேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும். மறுநாள் காலை அக்கரையில் கல்யாணம், அன்று சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையின் தாய்மாமன் என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். நிலபுலம் உள்ளவர், பேசிப் பழக்கம். "இன்னாய்யா, முழங்கால் தண்ணிக்குப் பயந்துகினு நிக்கற? நீ டிரைவரா, சாமியாரா? நாங்க இன்னா சும்மாவா ஏறினோம்?" என்று ஆரம்பித்து என் அப்பா, தாத்தா வரை போனார். நான் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அந்த நேரம் பின்னாலிருந்து விறகு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியது. "பார்றா, அவன் ஆம்பள!" என்றார் தாய்மாமன். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. போயிருக்கலாமோ?

லாரி பாதி தூரம் போனது. பின்பக்கம் மெல்ல, யாரோ கையால் தள்ளுகிற மாதிரி, நகர்ந்தது. கற்களில் சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்த இரண்டு பேரும் விறகு மேல் ஏறிக் கையை ஆட்டினார்கள். அவர்கள் கூச்சல் தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. நல்ல வேளை, என் வண்டியில் பழவேற்காட்டு மீனவர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேர், வலைக்கு வாங்கின புதுக் கயிற்றுச் சுருளோடு இருந்தார்கள். கயிற்றைக் கரையிலிருந்த புளியமரத்தில் கட்டி, மறு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கமாகத் தள்ளி இறங்கி, தண்ணீர் இழுக்கிற போக்கிலேயே லாரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் எல்லோரும், தாய்மாமனும்தான், கயிற்றைப் பிடித்து இழுத்தோம். ஒருவர், பிறகு மற்றவர், கடைசியில் அண்ணன் தம்பியும் கரையேறினார்கள். கொஞ்ச நேரத்தில் லாரி புரண்டு போயிற்று.

தாய்மாமன் பட்டுவேட்டியோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் கயிறு அறுத்த ரத்தம். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. விடிந்ததும் தண்ணீர் வடிந்து, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் லாரி புரண்ட அன்று சாயங்காலம் அந்தக் கரையில் என்னிடம் வந்து பேசியது மாப்பிள்ளைதான். நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, மாமனுக்குக் கேட்காதபடி சொன்னான்:

"மனசுல வெச்சிக்காதண்ணே. கட்டிக்கப் போறவன் நானு, எனக்கே இன்னும் அவசரமில்ல. அவருக்கு இன்னா வந்துச்சோ!"

நான் டிக்கெட் வாங்கின நாள்

ஓட்டுகிறவனைவிட அதிகமாகப் பயப்படுகிறவன் பஸ்ஸில் ஒருவன் உண்டு. லீவில் பின்சீட்டில் உட்கார்ந்து போகிற இன்னொரு டிரைவர். பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், கும்மிடிப்பூண்டியிலிருந்து வீட்டுக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டியது ஜெயராமன், நல்ல கைக்காரன். பண்டிகைக் கூட்டத்துக்காக ஓய்வே இல்லாமல் ஓட்டியிருந்தான். வண்டி மெல்ல ரோட்டின் ஓரத்துக்குச் சாய்வதும், பனைமரம் கிட்டே வந்ததும் வெடுக்கென்று திரும்புவதுமாக இருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தேன். நடுவில் கூட்டம், நகர முடியவில்லை.

அவனுக்கு நேர் பின்னால் மீன்காரி முனியம்மா காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று குரலெடுத்தாள். "ஏ ஜெயராமா! அன்னிக்கு என் கூடைய மிதிச்சி நெத்திலியெல்லாம் நசுக்கினவன் நீதான?"

"நானா? நான் எதுக்கும்மா உன் கூடையாண்ட வரப் போறேன்?"

"பொய் சொல்ற பாரு! உங்க ஊட்டுல எல்லாருமே இப்பிடித்தானா?"

அவ்வளவுதான். ஜெயராமன் சிவந்துவிட்டான். பொன்னேரி வரைக்கும் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. வண்டி மட்டும் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. ஸ்டாண்டில் நிறுத்தியதும் அவன் குதித்து இறங்கி, "எப்ப மிதிச்சேன், எந்தத் தேதியில மிதிச்சேன், சொல்லு!" என்று நின்றான். முனியம்மா சாவகாசமாக வெற்றிலையைத் துப்பினாள். "நீ எங்க மிதிச்ச? கண்ண மூடிக்கினு ஓட்டிக்கினு இருந்த. எழுப்பினா பதறிப் போயி எதுனா ஆயிடும். கோவம் வந்தா தூக்கம் வராதுல்ல, அதான்." ஜெயராமனைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, பழவேற்காடு வரைக்கும் நான் ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். முனியம்மா எனக்குப் பின்னால் கூடையைச் சரி செய்துகொண்டாள்.

"நீ ஓட்டு. உனுக்கும் தூக்கம் வந்தா சொல்லு, கைவசம் இன்னொரு சண்டை வெச்சிக்கினுதான் இருக்கறேன்."

இத்தனை வருடம் ஓட்டியதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வண்டியை விட்டு இறங்கிப் போகும்போது நம்மைத் திட்டுவதற்கு அத்தனை பேரும் முழுசாக இருந்தார்கள் என்றால், அன்றைக்கு ஒழுங்காகத்தான் ஓட்டியிருக்கிறோம்.